ஜெபம் முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?

பம்மல் மெயின் ரோட்டில் கோகிலவாணியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருப்பார். "மெடிக்கல் கோகிலா கடை" என்று சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் சரியாக அந்த இடத்தில் நிறுத்துவார்கள். கடை போய் சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது அங்கே செல்போன் கவர்கள் தொங்குகின்றன.

அவளுடைய அப்பா ஏகநாதன் பொழிச்சலூர்க்காரர். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, பம்மலில் வரிசையாகச் சில கடைகள் கட்டினார். மகள் மருந்தாளுநர் படிப்பு படித்திருந்தாள். மகன் உதயாவுக்குப் படிப்பு ஏறவில்லை, வியாபாரம் ஏறியது. இரண்டையும் சேர்த்து ஒரு மருந்துக் கடை வைத்துக் கொடுத்தார். உதயா கல்லாவில் உட்கார்ந்தான். கோகிலா உள்ளே நின்றாள்.

இருபது வருஷத்துக்குக் கிட்ட அப்படியே நின்றாள். தோல் பதனிடும் பட்டறைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆபீசர் வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் அவளிடம் வந்தார்கள். "அக்கா, அந்தச் செவப்பு மாத்திரை ரெண்டு வெட்டிக் குடு" என்பார்கள். அட்டையை வெட்டும்போது மாத்திரையின் பெயர் ஒரு பாதியோடு போய்விடும். வாங்கிப் போகிறவருக்கு மிஞ்சுவது நிறம் மட்டும்தான். "யாருக்கு?" என்று கோகிலா கேட்பாள். "எங்க வூட்டுக்காரருக்கு" என்று பதில் வரும். "நீ சாப்புடலியே?" என்று மறுபடியும் கேட்பாள். அப்போதுதான் வந்தவள் சிரிப்பாள். "எனக்கும் அதே மாதிரிதான் தல சுத்துது, அதான் பாதி பாதி."

அங்கேதான் அவள் ஒன்றைப் புரிந்துகொண்டாள். மருந்து விஷயத்தில் ஜனங்கள் பொய் சொல்வது குறைவு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கேட்காததை அவர்களாக எடுத்து வைக்க மாட்டார்கள்.

கடையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று உதயா முடிவு செய்தபோது அவள் சண்டை போடவில்லை. மறு வாரமே தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். பெண்கள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். தடுக்க யாரும் இல்லை.

அந்த மருத்துவமனை புதிதாக ஓர் ஏற்பாடு செய்தது. படுக்கையில் சேருகிற ஒவ்வொரு நோயாளியிடமும், வீட்டில் என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். தினம் சாப்பிட வேண்டிய மருந்து விட்டுப்போனாலும் ஆபத்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு முறை உள்ளே போனாலும் ஆபத்து. மருந்தகத்தில் இருந்த மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடி இருக்கும். வார்டுக்குப் போனால் அழுகிறவர், கத்துகிறவர், தூங்குகிறவர் எல்லாரையும் நேரில் பார்க்க வேண்டும்.

"நான் போறேன்" என்றாள் கோகிலா.

இதைக் கேட்டு உதயா அவளைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "இன்னா கோகிலா, படிச்சிட்டு ஆஸ்பத்திரியில போய் கத கேட்டுகினு கீற?"

"ஆமாண்டா. நீ கடைய வுட்டுட்டு வாடகைய கேட்டுகினு கீற இல்ல? நான் கத கேக்கறேன்."

அவள் செய்வது உண்மையில் கதை கேட்பதுதான். 'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று அவள் தொடங்குவதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். "காலையில எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க? எழுந்ததும் என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பிப்பாள். அங்கிருந்து காபி, டிபன், குளியல், மத்தியானச் சாப்பாடு, சாயந்திரம், படுக்கை என்று அந்த ஆளோடு கூடவே ஒரு நாள் முழுக்க நடப்பாள். நடக்கிற வழியில் மருந்துகள் தானாக வந்து விழும். முட்டிக்குத் தடவுகிற களிம்பு, மலம் இளக ஒரு பொடி, அக்கா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த டப்பா.

தாயாரம்மாள் என்று ஒரு கிழவி வந்தாள். எந்த மாத்திரையும் தவறியதில்லை என்று மகன் அடித்துச் சொன்னான். கோகிலா கிழவியோடு ஒரு வாரத்தையே நடந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை என்றதும் கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். செவ்வாய்தோறும் குன்றத்தூர் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாதாம்.

"அப்ப காலை மாத்திரை?"

"அத வுட்ருவனா? ராத்திரி மாத்திரையோட சேத்துப் போட்டுக்குவேன். சாமி விஷயம் வேற, மாத்திரை விஷயம் வேற."

"ஆயா, முருகனுக்கு நீ உயிரோட வந்தாத்தான சந்தோஷம்?" என்றாள் கோகிலா. வார்டே சிரித்தது. டாக்டரிடம் சொல்லி, செவ்வாய்க்கிழமைக்கு என்று தனியாக நேரம் மாற்றி எழுதி வாங்கிக் கொடுத்தாள். முருகனையும் விடச் சொல்லவில்லை, மாத்திரையையும் விடச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் புஷ்பம் டீச்சர் வந்து சேர்ந்தார்.

புஷ்பமும் அவர் கணவர் லாசரஸும் கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மார்க்கெட்டில் பழம் வாங்கிக்கொண்டிருந்த புஷ்பம் அப்படியே சரிந்துவிட்டார். பழக்கடைக்காரர்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார். நாடித் துடிப்பு நாற்பதைத் தொடவில்லை. மகன் ஷெர்வின் ஆபீசிலிருந்து நேராக ஓடி வந்தான்.

கோகிலா ஸ்டூலோடு போனபோது ஷெர்வின், வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து நீட்டினான். ஏழு நாளுக்கும் ஏழு அறை. ஒவ்வொரு அறையிலும் காலை, மாலை என்று பிரிவு. மாத்திரை அட்டைகளின் படங்களை போனில் வரிசையாக வைத்திருந்தான்.

"மேடம், மம்மி மாத்திரை எல்லாம் என் கன்ட்ரோல். ஞாயித்துக்கெழமை சர்ச் விட்டு வந்ததும் நானே நிரப்பிடுவேன். மிஸ் ஆகவே ஆகாது."

கோகிலா பார்த்தாள். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. அது இதயத் துடிப்பையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும் வகை, ஆனால் சிறிய அளவுதான். தைராய்டுக்கு ஒன்று, கால்சியம் ஒன்று. பெட்டியில் அன்றுவரைக்குமான அறைகள் எல்லாம் காலி, ஒரு வேளைகூடத் தவறவில்லை. படமும் பெட்டியும் ஒத்துப்போயின. அடடா, எல்லா வீடும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. படுக்கையில் டீச்சர் கண்ணை மூடிக் களைத்துப் படுத்திருந்தார். கோகிலா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

அந்த ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் ஜெயகிருஷ்ணன் உடனே நிறுத்தினார். இரண்டு நாளாகியும் துடிப்பு ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் வார்டு நர்ஸ் மாளவிகா கோகிலாவிடம் சொன்னாள்.

"புஷ்பம் டீச்சருக்கு நாளைக்குக் காலைல பேஸ்மேக்கர் வெக்கறாங்கக்கா. பையன் கையெழுத்து போட்டாச்சு. அவங்கதான் பாவம், நெஞ்சக் கிழிச்சு மெஷின் வெக்கப் போறாங்கன்னு அழுதுகினே இருக்காங்க."

டாக்டர் அங்கேதான் நின்று கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திரையால வந்திருந்தா இந்நேரம் ஏறியிருக்கணும். ஏறல. சாயந்திரத்துக்கு மேல இன்னும் இறங்குது. இதயத்தோட சொந்தக் கோளாறுதான்" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அவர் கையில் இருந்த தாளில் வேறு எதுவும் இல்லை. அந்தத் தாளை எழுதியவள் கோகிலா.

'சாயந்திரத்துக்கு மேல' என்ற சொல் மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது. வார்டில் சாயந்திரம் என்ன நடக்கிறது? பார்வையாளர்கள் வருகிறார்கள். அதைத் தவிர என்ன? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீச்சரோடு அவள் ஒரு நாளைக்கூட நடக்கவில்லை. பெட்டியோடு மட்டும்தான் நடந்திருந்தாள். பிளாஸ்டிக் பையில் கன்னாபின்னாவென்று மாத்திரையைக் கொட்டிக்கொண்டு வருகிறவர்களை அவள் சந்தேகப்படுவாள். அழகாக அடுக்கி வைத்திருந்ததால் நம்பிவிட்டாள்.

ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனாள்.

புஷ்பம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லாசரஸ் சார் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஷெர்வின் போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவன் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"மறுபடியுமா? அன்னைக்கே எல்லாம் குடுத்துட்டேனே மேடம்."

"குடுத்தீங்க தம்பி, ஒரு குறையும் இல்ல. இப்ப அம்மாகிட்ட கொஞ்சம் பேசணும், அவங்களேதான் சொல்லணும். நீங்க கேன்டீன்ல ஒரு காபி சாப்பிட்டு வாங்க. மூணு நாளா நிக்கறீங்க, மூஞ்சப் பாருங்க."

அவனுக்கு விருப்பமில்லை. லாசரஸ், "போடா, காபிதானே குடிக்கச் சொல்றாங்க, விஷமா?" என்றதும் போனான்.

"டீச்சர், உங்க வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க. காலையிலேர்ந்து."

"இப்ப எதுக்கும்மா அது? நாளைக்கு என்னைக் கிழிக்கப் போறாங்க, நான் எப்படிப் பல் வெளக்குவேன்னு கேக்கறீங்க."

"அதையும் சொல்லுங்க."

புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியராக இருந்தவர், ஆரம்பித்தால் வரிசையாகச் சொல்வார். ஐந்தரைக்கு எழுவது, பைபிள் வாசிப்பது, தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்துக் காபி. மத்தியானம் கொஞ்சம் தூக்கம். கோகிலா இடையிடையே கேட்டுக்கொண்டே வந்தாள். முட்டிக்கு ஏதாவது தடவுவீங்களா? இல்லை. தூக்கத்துக்கு? இல்லை. நாட்டு மருந்துக் கடையில ஏதாவது? சுக்கு மட்டும்.

"சாயந்திரம்?"

"வெளக்கேத்தற நேரத்துல குடும்ப ஜெபம். நாங்க ரெண்டு பேருந்தான். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், இவர் ஜெபம் பண்ணுவார். நீளமாப் பண்ணுவார்."

"நீளமா இல்ல, நிறுத்தி நிதானமா" என்றார் லாசரஸ்.

"ஜெபம் முடிஞ்ச பிறகு என்ன செய்வீங்க?"

"என்ன செய்வோம், கண்ணுக்கு விட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் படுப்போம். அப்புறம் சாப்பாடு."

கோகிலாவின் பேனா நின்றது. குரலை மட்டும் மாற்றாமல் கேட்டாள். "விட்டுக்கிட்டுப் படுப்போம்னா, ரெண்டு பேருமா?"

"ஆமா. இவர் எனக்கு விடுவார், நான் இவருக்கு விடுவேன். தானா விட்டுக்கிட்டா கன்னத்துலதான் விழும்."

"சொட்டு மருந்து யாருக்கு எழுதிக் குடுத்தது?"

"எனக்கு" என்றார் லாசரஸ். "கண்ணுல நீரழுத்தம்னு சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்தார். இவளுக்கு ரெண்டு மாசமா கண்ணுல தண்ணியா வடிஞ்சுது. என் மருந்தே இருக்கு, எதுக்கு வேற கண் டாக்டர்னு நான்தான் விட்டேன். நல்லாக் குளுகுளுன்னு இருக்குன்னா. ரெண்டு சொட்டு கூடவே விடுவேன், என் வைஃப்தானே."

"சார், அந்த பாட்டில் எங்க இருக்கு?"

லாசரஸ் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை பாட்டில்.

"இங்க வந்த பிறகும் விடுறீங்களா?"

"விடாம? தினமும் விசிட்டிங் டைம்ல ஜெபம் பண்ணிட்டு விட்டுட்டுத்தான் போறேன். நர்ஸ் பொண்ணு நல்ல பொண்ணு. ஜெபம்னு சொன்னா ஸ்கிரீனை இழுத்து விட்டுட்டு அந்தாண்டை போயிடும்."

கோகிலா பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். கடையில் எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்த மருந்துதான். கண்ணின் அழுத்தத்தைக் குறைப்பது. அதே சொட்டு மூக்கு வழியாக உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்தால் இதயத்தின் வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும். ஏற்கெனவே துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது அதன் மேல் இன்னொன்று. மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். ஸ்கிரீனுக்குப் பின்னால் இது நிற்கவே இல்லை.

"ஏம்மா, அது மாத்திரை இல்லியே?" லாசரஸின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "கண்ணுல விடறதுதானே?"

"சார், இது உங்களுக்கு நல்ல மருந்து. நீங்க விடாம போடணும். டீச்சருக்கு மட்டும் இன்னைக்குச் சாயந்திரம் விட வேணாம். மத்ததை நான் டாக்டர்கிட்டப் பேசிட்டு வந்து சொல்றேன். இந்த பாட்டில் கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டும்."

டாக்டர் ஜெயகிருஷ்ணன் இன்னும் வார்டில்தான் இருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "சார், நான் எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. புஷ்பம் டீச்சர் ரெண்டு மாசமா அவங்க வீட்டுக்காரரோட கண் சொட்டு மருந்தைப் போட்டுக்கறாங்க. நேத்து சாயந்திரமும் போட்டிருக்காங்க" என்று பாட்டிலை நீட்டினாள்.

அவர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். பிறகு கோப்பைப் பிரித்து, சாயந்திரத் துடிப்பு எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். கடைசியில் நிமிர்ந்தபோது முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"நானும் மாத்திரையைத்தான் கேட்டேன்" என்றார். "நாளைக்கு தியேட்டரை கேன்சல் பண்ணச் சொல்லுங்க மாளவிகா. மானிட்டர் ஓடட்டும். ரெண்டு மூணு நாள் பார்ப்போம். ஏறலைன்னா அப்ப வெச்சுக்கலாம். பேஸ்மேக்கர் எங்கயும் ஓடிப் போகாது."

காபி குடித்துவிட்டு வந்த ஷெர்வினுக்குக் கோபம் தலைக்கேறியது. "டாடி! உங்களுக்கு யாரு சொன்னது? ஒரு வார்த்த என்கிட்ட..." லாசரஸ் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றிய மனிதர், இப்போது தானே ஏறி நிற்பதைப் போல இருந்தார்.

"தம்பி, அவரத் திட்டாதீங்க" என்றாள் கோகிலா. "அவர் எதையும் மறைக்கல. யாரும் கேக்கல. முதல் நாள் கேட்டிருக்க வேண்டியவ நான்."

"என் பாக்ஸ்ல..."

"உங்க பாக்ஸ் சரி. அதுல இருந்ததெல்லாம் சரி. அதுக்கு வெளியில ஒண்ணு இருந்துது."

அவன் உட்கார்ந்தான். தணிந்த குரலில் கேட்டான். "ஏறலைன்னா?"

"ஏறலைன்னா மெஷின்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏறும்னுதான் நான் நெனைக்கறேன்."

அன்று சாயந்திரம் ஸ்கிரீனை இழுத்துவிட்டு லாசரஸ் ஜெபம் செய்தார். வழக்கத்தைவிட நீளமாகவே செய்தார். மாளவிகா இந்த முறை அந்தாண்டை போகவில்லை. உள்ளேயே கைகட்டி நின்றாள். துடிப்பு ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. மறுநாள் காலையில் கோகிலா தன் வேலை நேரத்துக்கு முன்பே வந்து, முதலில் அந்த மானிட்டரைத்தான் பார்த்தாள். நாற்பதுகளின் நடுவில் இருந்தது. மத்தியானம் ஐம்பதைத் தொட்டுவிட்டு இறங்கியது. மறுபடி தொட்டது. அதற்கு அடுத்த நாள் ஐம்பதுக்குக் கீழே போக மறுத்தது.

அதன் பிறகு டாக்டர் புஷ்பத்தை எழுப்பி வராந்தாவில் நடக்கச் சொன்னார். ஒரு பக்கம் கோகிலா, ஒரு பக்கம் மாளவிகா. டீச்சர் முதலில் பயந்து பயந்து அடி வைத்தார். பிறகு இருவர் கையையும் உதறிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதைப் போல விறுவிறுவென்று ஜன்னல்வரை போய்த் திரும்பினார். துடிப்பு அறுபதைத் தாண்டி எழுபதை எட்டிப் பார்த்தது. தலை சுற்றவில்லை.

"பேஸ்மேக்கர் வேண்டாம்" என்றார் ஜெயகிருஷ்ணன். "கண்ணுல தண்ணி வடியறதுக்குக் கண் டாக்டரைப் பாருங்க. பிரஷருக்கு வேற மாத்திரை எழுதறேன். ஒருத்தர் மருந்து ஒருத்தருக்குத்தான், டீச்சர்."

"எனக்குத் தெரியும் டாக்டர். இவருக்குச் சொல்லுங்க" என்றார் புஷ்பம்.

அன்றிலிருந்து கோகிலாவின் கேள்விகள் கொஞ்சம் நீண்டன. பெட்டி வைத்திருப்பவர்களையும் அவள் முழு நாள் நடக்க வைக்கிறாள். கண்ணில் விடுவது, மூக்கில் உறிஞ்சுவது, தோலில் ஒட்டுவது, அடுத்தவர் பாட்டிலில் இருப்பது என்று தனித்தனியாகக் கேட்கிறாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்தாளுநர்களுக்கும் அவள்தான் வார்டில் வேலை சொல்லிக் கொடுக்கிறாள். மகன் பதில் சொன்னால் மகனைக் காபிக்கு அனுப்பு என்பது அவளுடைய முதல் பாடம்.

புஷ்பம் வீட்டுக்குப் போக இருந்த நாளுக்கு முந்தின சாயந்திரம், கோகிலா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். இடைப்பட்ட நாட்களில் லாசரஸுக்கு மருந்து தவறாமல் வேளைக்கு அவளே விட்டு அனுப்பியிருந்தாள். ஜெபம் முடிந்திருந்தது. புஷ்பம் கட்டிலை விட்டு இறங்கி, கணவரை அதில் படுக்க வைத்து, இமையை விரித்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு என்று கணக்காக விட்டார்.

லாசரஸ் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். பழக்க தோஷத்தில் பாட்டிலை வாங்கக் கை நீட்டினார்.

புஷ்பம் மூடியை இறுக்கித் திருகினார். "போதும். உங்க அன்பை இனிமே ஆரஞ்சு உரிச்சுக் காட்டுங்க" என்றார்.